உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஓட்டுரிமை: அமெரிக்காவின் 1867 சட்டங்களைப் படிப்பது எப்படி?

உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கு மாநிலங்களை மீண்டும் நாட்டோடு சேர்க்க வந்த ரீகன்ஸ்ட்ரக்ஷன் (மறுகட்டமைப்பு) சட்டங்களைப் பெரும்பாலான கைடுகள் இரண்டு வரியில் முடித்துவிடும்: தெற்கு மாநிலங்களில் ராணுவ ஆட்சி வந்தது, கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து யுபிஎஸ்சிக்கு உலக வரலாறு புரட்டுகிறவர்களுக்கு இது போதும் என்று தோன்றலாம், சட்டக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு நிச்சயமாகப் போதாது. மூலத்தையே படித்துவிடுங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நான்கு சட்டங்களையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டாலும் பாரிமுனையில் விற்கும் சின்ன ‘பேர் ஆக்ட்’ (சட்ட வாசகம் மட்டும் இருக்கும் புத்தகம்) அளவுகூட வராது.

பிரிண்ட் கையில் வந்ததும் ஒவ்வொன்றின் தலையிலும் தேதியை எழுதிக்கொள்ளுங்கள்: 1867 மார்ச் 2, மார்ச் 23, ஜூலை 19, அப்புறம் 1868 மார்ச் 11. ஏறத்தாழ ஒரு வருடத்தில் எதற்கு நான்கு சட்டம் என்ற கேள்வியோடு படித்தால் பாதி வேலை முடிந்தது. முந்தைய சட்டத்தில் எதிர்த்தரப்பு எந்தச் சந்தில் புகுந்ததோ அதை அடைக்கத்தான் அடுத்தது வந்தது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனே எதிர்த்தரப்புதான், முதல் மூன்றையும் அவர் வீட்டோ செய்ய, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு மீண்டும் நிறைவேற்றியது.

முதல் சட்டத்தில் முகவுரையைத் தாண்டிப் போகாதீர்கள். கிளர்ச்சி செய்த மாநிலங்களில் சட்டப்படியான அரசு இல்லை, உயிருக்கும் உடைமைக்கும் போதிய பாதுகாப்பு இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள், மீதி எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. பத்து மாநிலங்கள், ஐந்து ராணுவ மாவட்டங்கள். பிரிந்து போனவை பதினொன்று ஆயிற்றே என்றால், டென்னசி 1866-லேயே, குடியுரிமையையும் சமமான சட்டப் பாதுகாப்பையும் தரும் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்று மறுபடி ஒன்றியத்துக்குள் வந்துவிட்டது. மாவட்டப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பெரிய பிரயோஜனமில்லை.

உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டியது பிரிவு 5. நமக்கு ஜனாதிபதி ஆட்சி என்றால் தெரியும், 1976-லும் 1988-லும் தமிழ்நாடு பார்த்தது. நம் அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவில் அதை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கலாம், மூன்று வருடத்துக்கு மேல் போகாது என்று இன்று ஒரு வரம்பு இருக்கிறது. இந்த அமெரிக்கச் சட்டத்தில் காலக்கெடுவே கிடையாது, நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் ராணுவம் விலகும். இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது எதையும் பார்க்காமல், ஒரு வருடம் குடியிருந்த, 21 வயதான ஆண்கள் ஓட்டுப்போட்டு அரசியலமைப்பு மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மன்றம் எழுதும் மாநில அரசியலமைப்பிலும் அதே ஓட்டுரிமை இருக்க வேண்டும், மக்களும் காங்கிரஸும் அதை ஏற்க வேண்டும், புதிய சட்டமன்றம் பதினான்காவது திருத்தத்தை அங்கீகரிக்க வேண்டும், அந்தத் திருத்தமும் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். ‘ஆண்’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள், பெண்கள் இதில் எங்கேயும் இல்லை. அதுவரை இருக்கும் சிவில் அரசு வெறும் தற்காலிக அரசு என்கிறது பிரிவு 6.

யாருக்கு ஓட்டு இல்லை என்பதில்தான் நிறையப் பேர் குழம்புவார்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். போருக்கு முன் அமெரிக்க அரசியலமைப்பைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்துப் பதவி வகித்தாரா? பிறகு கிளர்ச்சியில் சேர்ந்தாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஓட்டு கிடையாது. அதனால் தெற்குப் படையில் துப்பாக்கி தூக்கிய சாதாரண விவசாயி ஓட்டுப் போடலாம், அதே படைக்கு உதவிய முன்னாள் நீதிபதி போட முடியாது. இரண்டாவது சட்டம் வாக்காளர் பதிவுக்கு மூன்று பேர் கொண்ட குழுக்களை அமைத்து, வருபவரிடம் சத்தியப்பிரமாணம் வாங்கச் சொன்னது. சத்தியம் செய்துவிட்டால் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான், துருவக் கூடாது என்று அட்டர்னி ஜெனரல் ஹென்றி ஸ்டான்பெரி விளக்கம் கொடுத்தார். சத்தியத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை, குழு விசாரிக்கலாம் என்று மூன்றாவது சட்டம் அதைக் கவிழ்த்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவாரசியமாக இருக்கும்.

நான்காவதைப் புரிந்துகொள்ள ஒரு பேப்பரில் அலபாமா கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது சட்டப்படி, பதிவு செய்தவர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டால்தான் புதிய அரசியலமைப்பு செல்லும். 1868 பிப்ரவரியில் ஆதரவாக விழுந்தது ஏறத்தாழ 70,000, எதிர்ப்பு ஆயிரம் சொச்சம், ஆனால் பதிவு செய்தவர்களோ சுமார் 1,70,000. எதிர்ப்பாளர்கள் சாமர்த்தியமாகப் பதிவு மட்டும் செய்துவிட்டு வாக்குச்சாவடிக்கே வராமல் வீட்டில் இருந்துகொண்டார்கள், ஆக இவ்வளவு ஆதரவு இருந்தும் தோல்வி. அடுத்த மாதமே நான்காவது சட்டம்: விழுந்த ஓட்டில் பெரும்பான்மை போதும். தேர்தல் சட்டம் எதைப் படித்தாலும் சதவீதத்தை எதன்மேல் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். அந்த ஜூனிலேயே அலபாமா உட்பட ஆறு மாநிலங்களை ஒரே சட்டத்தில் காங்கிரஸ் உள்ளே எடுத்தது.

இதோடு நிறுத்தினால் படம் அரைகுறைதான். ஜார்ஜியாவை ஒரு தடவை பாருங்கள்: 1868 செப்டம்பரில் கறுப்பின உறுப்பினர்களைச் சட்டமன்றத்திலிருந்து வெளியேற்றியது, அதனால் ஜார்ஜியாவே மறுபடி ஒன்றியத்துக்கு வெளியே தள்ளப்பட்டு 1870-இல்தான் திரும்ப வந்தது. பிறகு மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்பில் 243, 244 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் எடுங்கள். ஒன்றில் ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய இரண்டு டாலர் தலைவரி, இன்னொன்றில் எழுத்தறிவுச் சோதனை, இரண்டிலும் இனம் பற்றி ஒரு சொல் கிடையாது, ஆனால் கறுப்பினத்தவர் ஓட்டைப் பறிக்கத்தான் இரண்டும். பதினைந்து மார்க் கேள்வி வந்தால் 1867-இன் பிரிவு 5-ஐயும் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து எழுதுங்கள், 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு ஏன் தேவை வந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.