கேப்டன் யாரைக் கேட்கிறார்? விண்கப்பல் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது, லேசர் கதிர் பக்கவாட்டில் தெரியாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்கள் தப்பாக எழுதினால் ஏதாவது ஒரு வாசகர் திருத்திவிடுவார். புதுச்சேரியில் நாங்கள் கூடும்போது புதிதாக எழுதுகிறவர்கள் கதை வாசிக்கிறார்கள். கப்பல், கேப்டன், ஐந்தாறு பேர் குழு, துரத்தல் என்று வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் விழுந்த அதே குழியில்தான் வரிசையாக வந்து விழுகிறார்கள்.

பூமிக்குப் போன் போடுவது

அண்மையில் ஒரு தம்பி வாசித்த கதையில் கப்பல் வியாழனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எதிரி சுடுகிறான். கேப்டன் பூமியைக் கூப்பிட்டு, "சார், திருப்பிச் சுடலாமா?" என்கிறார். அடுத்த வரியிலேயே "சுடுங்க" என்று பதில் வந்துவிட்டது.

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதே ரேடியோ செய்தி போய்ச் சேரச் சுமார் 33 நிமிடம் ஆகும். பதில் வர இன்னொரு 33. அதற்குள் கப்பலில் யார் மிச்சம் இருப்பார்கள்?

"அவ்ளோ நேரம் வெயிட் பண்ணா கதை படுத்துடுமேண்ணா" என்றார் தம்பி. காத்திருக்கச் சொன்னது யார்? கேட்க ஆளில்லாத இடத்தில் முடிவெடுப்பதற்குத்தான் கேப்டன். அனுமதி வாங்கிச் சுடுகிறவருக்கு குமாஸ்தா வேலை போதும்.

மங்கள்யானையே பாருங்கள். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது அங்கிருந்து செய்தி வரச் சுமார் 12 நிமிடம் ஆனது. எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தும் போனது. அதனால்தான் கட்டளைகளை முன்கூட்டியே அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆளில்லாத கலமே அந்த நேரத்தில் பூமியைக் கேட்கவில்லை. உங்கள் கேப்டன் கேட்கிறார்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கும் டூப்ளேயைப் பாருங்கள், அன்றைய பிரெஞ்சு கவர்னர். பாரிசிலிருந்து கடிதம் வர மாதக்கணக்கில் ஆன காலம். கர்நாடகத்தில் யாரை நவாப் ஆக்குவது, யாரோடு சண்டை என்பதை அவர் இங்கே உட்கார்ந்தே தீர்மானித்தார். 1754 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட கோதே என்பவர் வந்து இறங்கினார், கையில் டூப்ளேயைத் திருப்பி அழைக்கும் உத்தரவு. தாமதம் கதையைப் படுக்க வைக்கும் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கேப்டன் சுட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து "சுடாதே, அது நம்ம கப்பல்" என்று பதில் வந்தால் எப்படியிருக்கும்?

"ஒளியை மிஞ்சுற ரேடியோ வெச்சுக்கிறேன்" என்பது அடுத்த சமாதானம். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு ஒரு விலை வையுங்கள். ஒரு தடவை பேசினால் பாதி எரிபொருள் காலி என்று வைத்தால் பேசுவதே ஒரு காட்சியாகிவிடும். கப்பல் மட்டும் ஒளியை மிஞ்சும், செய்தி மிஞ்சாது என்று வைத்தால் இன்னும் நல்லது. தபால்காரர்களாகவே ஒரு குழு கிடைக்கும். சும்மா கொடுத்தீர்களோ, கேப்டனின் ஒவ்வொரு முடிவும் செல்லாக்காசு. கடைசி அத்தியாயத்தில் இதை ஒட்டுப்போட முடியாது. அந்தத் தம்பி பாதிக் கதையை இப்போது திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்.

வேலையில்லாத குழு

கடலூர் துறைமுகத்தில் போட்டில் ஏறுகிறவர்களில் சும்மா வருகிறவர் யாருமில்லை. போட்டை நடத்தும் ஸ்ராங்கு, எஞ்சினைப் பார்க்கும் டிரைவர், வலை இழுக்கிறவர்கள், சோறாக்குகிறவர் என்று ஆளுக்கொரு வேலை உண்டு. உங்கள் கப்பலில் "யெஸ் கேப்டன்" சொல்வதற்கு மட்டும் நான்கு பேர் இருந்தால் மூன்று பேரை இறக்கிவிடுங்கள்.

எஞ்சினை அணைத்தால் கப்பல் நிற்காது

போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த, பின்பக்கத்தை முன்னால் திருப்பி மறுபடி எரிக்க வேண்டும்.

பெயர்கள்

எல்லோருமே ஜாக், மைக்கேல் என்றால் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருத்தர்கூட விண்வெளிக்குப் போகவில்லையா?

சிறுகோள் பட்டையில் வளைந்து நெளிந்து ஓட்டுவது

அங்கே ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. நாசாவின் பயனியர் 10 கலம் அதைக் கடந்து 1973இல் பத்திரமாக வியாழனை அடைந்துவிட்டது. இடித்துப்பிடித்து ஓடும் துரத்தல்தான் வேண்டுமென்றால் சனியின் வளையத்துக்குள் விடுங்கள். அங்கே பனிக்கட்டிகள் நெருக்கமாகவே கிடக்கின்றன.