ஃபுளோரிடா போய் இறங்கிய நம் ஊர்க்காரர்களுக்கு: இந்த வருடம் ஹரிகேன் அதிகமா?

கடலூர்க்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் புயலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஃபுளோரிடாவில் நம் கணக்குகள் சில தலைகீழாகிவிடும். ஒன்பது வருடம் தாம்பாவில் இருந்துவிட்டு இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தங்கை மகன் அங்கே கிளம்பியபோது அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால்தான் பயம். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சீசன். செப்டம்பர் 10-ஐ ஒட்டி உச்சம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஏப்ரலிலும், அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவா மே கடைசியிலும் எத்தனை புயல் வரலாம் என்று சொல்வார்கள். கேட்டதும் 14, 7, 3 என்ற எண்களோடு ஒப்பிடுங்கள். சராசரி வருடத்தில் பெயர் வைக்கும் அளவுக்கு 14 புயல், அதில் 7 ஹரிகேன், அதாவது பலம் கூடிய புயல், அதிலும் 3 மிகக் கடுமையானவை. இருவரும் ஆகஸ்டில் கணக்கைத் திருத்துவார்கள். அதைத்தான் நான் அதிகம் நம்புவேன். உச்சத்துக்குள் நுழையும்போது கடல் எப்படி இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் விஷயத்தில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். எல் நினோ வருடத்தில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடும். 2015-இல் கடலூர் மிதந்தது அப்படியொரு வருடத்தில்தான். அட்லாண்டிக்கில் நேர்மாறு. அங்கே உயரத்தில் வீசும் காற்று பலமாகி, எழும்பும் புயலின் தலையைச் சீவிவிடும். அதே கடல் குளிரும் லா நினா வந்தால் அந்தத் தடை குறையும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 2023-இல் பலமான எல் நினோ இருந்தும், கடல் அளவுக்கு மீறிச் சூடாக இருந்ததால் 20 புயல்கள் உருவாயின. ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் நடுவே கடல் எவ்வளவு சூடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சகாராவிலிருந்து தூசி கிளம்பி வந்தால் சில நாள் புயல் உருவாகாமல் அடங்கிக் கிடக்கும்.

சரி, எண்ணிக்கை குறைவென்றால் நிம்மதியா? இல்லை. 2010-இல் 12 ஹரிகேன் உருவாகியும் ஒன்றுகூட அமெரிக்கக் கரையில் ஹரிகேனாக ஏறவில்லை. 1992 மந்தமான வருடம். ஆகஸ்டில்தான் முதல் பெயரே வைத்தார்கள். அந்த முதல் பெயர் ஆண்ட்ரூ. மியாமிக்குத் தெற்கே ஊர் ஊராகத் தரைமட்டம் ஆக்கியது.

2024-இல் நானே ஏமாந்தேன். ஆகஸ்ட் 20-க்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் புதிதாக ஒரு புயலும் இல்லை. சீசன் படுத்துவிட்டது என்று பால்கனிச் செடிகளைக்கூட உள்ளே எடுக்கவில்லை. செப்டம்பர் 26-இல் ஹெலீன் வந்தது, அக்டோபர் 9-இல் மில்டன். மில்டனுக்கு முன்னால் கடைக்குப் போனால் தண்ணீர் பாட்டில் இருந்த அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. பெட்ரோலுக்கு இரண்டு மணி நேரம் நின்றேன்.

அதனால் வீடு பிடித்த வாரமே உங்கள் முகவரி எந்த வெளியேற்ற மண்டலம் என்று பாருங்கள். யார் முதலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஏ, பி என எழுத்துப் போட்டுப் பிரித்திருப்பார்கள். ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர் நீங்கள்தான். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலாகும், வாடகை வீட்டில் உள்ள பொருளுக்கும் அப்படித்தான். ஏப்ரலிலேயே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு என்று அங்கே கேட்க முடியாது. மியாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு அறிக்கை விடும். காலை 11 மணி அறிக்கை நமக்கு இரவு எட்டரை. ஊரில் அம்மா டிவியைப் பார்த்துப் பதறாமல் இருக்க, உங்கள் மண்டல எழுத்தைச் சொல்லிவிட்டு, அந்த எட்டரைக்குத் தினமும் ஒரு போன் போடுங்கள்.