பழைய தனி வீடு பார்க்கப் போகிறீர்களா? சாலையிலிருந்து தொடங்குங்கள்

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, சேலையூர் என்று சென்னையின் பழைய புறநகர்களில் எழுபது, எண்பதுகளில் கட்டிய தனி வீடுகள் இன்னமும் விற்பனைக்கு வருகின்றன. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) அல்லது அரை கிரவுண்டு மனை, தரைத்தளம் மட்டும், பின்னால் ஒரு கிணறு, மேலே மொட்டை மாடி. அக்காவுக்காக அப்படி ஒரு வீடு தேடி, பார்த்து, வாங்கி முடித்த பிறகு இதை எழுதுகிறேன். வீட்டுக் கடன், பேரம், தரகர் கமிஷன் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

கொண்டு போக வேண்டியவை: நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், முப்பதடி டேப், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் பத்து மீட்டர். மட்டம் பார்க்க மொபைல் ஆப் வேண்டவே வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப்தான் சரியாக இருக்கும்.

1. முதலில் சாலை மட்டம்

வீட்டுக்குள் போவதற்கு முன்பே இதைப் பாருங்கள். இந்தப் பகுதிகளில் பல வருடங்களாகப் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுச் சாலை ஏறிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன்பு ஏறியது ஏறியதுதான். கட்டும்போது சாலையைவிட இரண்டடி உயரமாக இருந்த வீடு, இன்று படி இறங்கிப் போகும் வீடாகிவிடுகிறது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாய்தளமும் போர்ட்டிகோவும் ஏமாற்றும். ட்யூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒருவர் ஒரு முனையைச் சாலையின் நடுவில் நிமிர்த்திப் பிடிக்கட்டும் (காலையில் வண்டிகள் வருவதற்கு முன் செய்துவிடுங்கள்). இன்னொருவர் மறுமுனையை வாசற்படிக்கு உள்ளே தரையில் இதேபோல் நிமிர்த்திப் பிடிக்கட்டும். தண்ணீர் ஆடி அடங்கியதும், இரண்டு பக்கமும் தரையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை அளவெடுங்கள். சாலையில் 38 அங்குலம், வீட்டுக்குள் 46 அங்குலம் என்றால் வீட்டுத் தரை சாலையைவிட 8 அங்குலம் கீழே இருக்கிறது.

நாங்கள் அதிகம் திணறியது இதற்கு அடுத்த கட்டத்தில். ஹால் தரை சாலைக்கு மேலே இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. கழிவறைத் தரை ஹாலைவிடத் தாழ்வாக இருக்கும். வெளியே இருக்கும் கழிவுநீர்த் தொட்டியின் மூடி அதைவிடத் தாழ்வாக இருக்கும். பாதாளச் சாக்கடை நிரம்பி வழியும் நாளில் தண்ணீர் வாசல் வழியாக வராது, கழிவறைக் குழிவழியாக மேலே வரும். அதனால் ஹால், கழிவறை, தொட்டி மூடி என்று மூன்று இடங்களிலும் மட்டம் எடுங்கள். தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடியைவிட உங்கள் கழிவறைத் தரை கீழே இருந்தால், திருப்பி வராமல் தடுக்கும் வால்வு போட இடம் இருக்கிறதா என்று பிளம்பரைக் கூட்டிவந்து கேளுங்கள்.

மட்டம் தாழ்வு என்பதற்காக வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. ஜாக்கி வைத்து மொத்த வீட்டையும் தூக்கும் வேலை சென்னையில் சகஜம். ஆனால் தூக்கிய பிறகு தரை, கழிவுநீர்க் குழாய், படிகள் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

2. மழையைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேளுங்கள்

விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடமும், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள். “மழை வந்தால் தண்ணீர் நிற்குமா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 2015 டிசம்பரில் எதுவரை வந்தது, 2023-ல் மிக்ஜாம் புயலில் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமாக வடிந்தது என்று கேளுங்கள். காலைத் தொட்டு “இதோ, இதுவரை” என்று காட்டிவிடுவார்கள்.

வீட்டுக்குள்ளும் தடயம் இருக்கும். அலமாரியின் அடித்தட்டுப் பின்புறம், கதவு நிலையின் கீழ்ப்பகுதி, மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். புது பெயின்ட் அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்காது.

3. கூரை

முதலில் எந்த வகைக் கூரை என்று தெரிந்துகொள்ளுங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் பதித்திருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். வெயிலுக்குக் குளுமையாக இருக்கும், ஆனால் அதன் மேல் மாடி எழுப்புவது எளிதல்ல. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் கரையானும் ஈரமும் இருக்கும், அங்கே ஆணியால் குத்திப் பாருங்கள்.

கான்கிரீட் கூரை என்றால் சன்ஷேடு, பாத்ரூம் லாஃப்ட், மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் என்று மூன்று இடங்கள் முக்கியம். கம்பி முதலில் துருப்பிடிப்பது இங்கேதான். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டங்’ என்று கேட்கும், உள்ளே கான்கிரீட் பிரிந்துபோன இடம் ‘டொப்’ என்று கேட்கும். புதிதாகப் பூசிய திட்டுகளைக் கண்டிப்பாகத் தட்டுங்கள்.

விற்பவர் சம்மதித்தால் இன்னொன்றும் செய்யலாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீன் ஞாபகம் இருக்கிறதா? சன்ஷேடின் ஓரத்தில் சின்னதாகப் புதுக் குழி செதுக்கி, தூசியை ஊதிவிட்டு, அந்தக் கரைசலை இரண்டு சொட்டு விடுங்கள். கான்கிரீட் நன்றாக இருந்தால் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவால் காரத்தன்மையை இழந்துவிட்டது. அந்த நிறமற்ற பகுதி கம்பி ஆழம்வரை போயிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து முறையாகச் சோதிக்க வைப்பதுதான் நல்லது. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

4. விரிசல், வயரிங்

கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் வெயிலால் வருவது, பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டாக, கீழிருந்து மேலே அகலமாகிக்கொண்டே போகும் விரிசல்தான் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். வயரிங் மரப்பட்டியில் ஓடினாலோ, எர்த் இல்லாவிட்டாலோ முழுதாக மாற்ற வேண்டும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா என்றும் பாருங்கள்.

5. பத்திரங்கள்

பத்திரத்தை வக்கீல் பார்க்கட்டும். ஆனால் இந்த வயது வீடுகளுக்கே உரிய சில விஷயங்களை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

வில்லங்கச் சான்றிதழை (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் எடுக்கலாம். பதிவு செய்யாத உயிலும் வாரிசுப் பங்கும் அதில் வராது. வீட்டைச் சம்பாதித்தவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. இதில் பலர் விட்டுவிடுவது இறந்தவரின் தாயை. அவர் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அவர் காலத்துக்குப் பிறகு அது அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். விற்பவரின் சித்தப்பா, அத்தைகள் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள்.

அடுத்தது நகர்ப்புற நில உச்சவரம்பு, அதாவது நகரத்தில் ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு அளவு வைத்து, மிஞ்சியதை அரசு எடுத்துக்கொண்ட சட்டம். 1978-ம் வருடச் சட்டம் 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குள் அரசு தன் சுவாதீனத்தில் (கைவசம்) எடுத்துக்கொண்ட நிலம் அரசுடையதுதான். புறநகர்களில் இது உண்மையான ஆபத்து. வட்டாட்சியர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து உறுதி செய்யுங்கள்.

கட்டட அனுமதி வரைபடத்தை விற்பவரிடமே வாங்கிவிடுங்கள். நங்கநல்லூர், ஆதம்பாக்கம் இருந்த ஆலந்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. குரோம்பேட்டை இருந்த பல்லாவரம் நகராட்சி 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. பழைய கோப்பைத் தேடி அலைவது லேசான வேலை இல்லை.

அப்புறம், மனையை டேப் வைத்து நாலு பக்கமும் அளந்து சக்குபந்தியோடு (பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லைகள்) ஒப்பிடுங்கள். காம்பவுண்டு சுவர் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. விலை

நிலத்துக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை என்று பிரித்தே பேசுங்கள். இடித்துக் கட்டுவதாக இருந்தால் கட்டடத்துக்கு விலை கொடுக்காதீர்கள். தேக்குக் கதவு, நிலை இருந்தால் இடிப்பவர்களே அதற்குப் பணம் தருவார்கள். குடியிருக்கப் போவதாக இருந்தால் மேலே எழுதிய பழுதுகளின் செலவைக் கட்டட மதிப்பிலிருந்து கழியுங்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து 9 சதவீதம் தனி.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர், தண்ணீர் ட்யூப் எட்டவில்லை, வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது என்று எழுதியிருந்தார். கேட் தூணை நடுவில் வைத்து இரண்டு தடவையாக எடுங்கள். சாலையிலிருந்து கேட் தூணுக்கு மட்டம் எடுத்துச் சாக்பீஸால் கோடு போடுங்கள், பிறகு அதே கோட்டுக்குத் தண்ணீரை நிறுத்தி வீட்டுக்குள் எடுங்கள். வெயிலில் கிடந்து சூடான ட்யூபில் குமிழி சேரும், ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கிணற்றைப் பற்றிக் கேட்டிருந்தார். பழைய வீடுகளில் செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும், சில இடங்களில் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் கிணற்றை ஒட்டி இருக்கும். கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்கு ஆய்வகத்தில் சுத்தமான பாட்டில் வாங்கி, மழை பெய்து முடிந்த வாரத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். கோடையில் எடுத்த சோதனைத் தாளை விற்பவர் காட்டினால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.