பொள்ளாச்சிக்கு மேற்கே, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே: வாய்க்கால் கரையில் கிராவல் சைக்கிள்

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வரும்போது, மண் பாதைக்கென்றே அகல டயர் போட்ட கிராவல் சைக்கிளையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். தாராளமாகக் கொண்டுவரலாம். எங்கே ஓட்டுவது என்பதில்தான் பலருக்குக் கணக்குத் தப்புகிறது. மேப்பில் பச்சைப்பசேலென்று தெரியும் ஆனைமலையைப் பார்த்ததும் காட்டுக்குள் போகத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கம் சைக்கிளுக்கு ஏற்ற இடம் மலையடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, கேரள எல்லை வரை பின்னிக் கிடக்கும் வாய்க்கால் கரைகள்.

காட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆனைமலை 2007 முதல் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். ஐரோப்பாவிலோ கனடாவிலோ காட்டுப் பாதை என்றால் பொதுவழி என்ற நினைப்பு இருக்கும். இங்கே அது செல்லாது. டாப்ஸ்லிப் போகும் வழியில் சேத்துமடை செக்போஸ்ட்டில் இருசக்கர வண்டிகளையே விடுவதில்லை. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் அதற்கு சாலை வழி இந்த சேத்துமடைதான், அதனால் அதுவும் அப்படியே. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தபிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. யாராவது ‘நமக்குத் தெரிஞ்ச ஃபாரஸ்ட் கார்டு (வனக் காவலர்) இருக்காருங்க, உள்ளே கூட்டிட்டுப் போறேன்’ என்றால் நகர்ந்துவிடுங்கள்.

காட்டைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் ஒருநாள் சைக்கிளை லாட்ஜில் விட்டுவிட்டு நடங்கள். வனத்துறையே 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்தது. அதில் ஆழியாறு கால்வாய்க் கரை ஒன்று. வழிகாட்டியுடன் நடந்து போகலாம். கோடையில் தீப் பயத்தால் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் சரணாலய நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளதுதான், வெளிநாட்டவர் கட்டணம் இல்லை. கவுண்டரில் அவர்களாகக் கேட்கமாட்டார்கள். நீங்கள்தான் அட்டையை எடுத்து நீட்ட வேண்டும்.

இனி வாய்க்காலுக்கு வருவோம். உள்ளூரில் எல்லாரும் பிஏபி என்றுதான் சொல்வார்கள்: பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய தண்ணீரை மலைக்குள் குகை வெட்டித் திருப்பி கிழக்கே கொண்டுவந்த திட்டம். சர்க்கார்பதியில் இருந்து திருமூர்த்தி அணை வரை போகும் கான்டூர் கால்வாய் சுமார் 49 கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் அருமையான கோடு. அதில் ஆசை வைக்காதீர்கள். அது காட்டை ஒட்டியது, யானை வரும் இடம். நமக்கு வேண்டியது அடிவாரத்தைத் தாண்டிய கிளை வாய்க்கால்களும், பகிர்மான வாய்க்கால்களும், ஆனைமலை ஊரைச் சுற்றியுள்ள பழைய ஆயக்கட்டு வாய்க்கால்களும்.

இந்தப் பழைய வாய்க்கால்கள் ஆழியாறு அணைக்கு முந்தியவை. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து. இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் இவற்றின் கரைதான். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் தென்னை, எதிரே மலை. கரை சில இடத்தில் டிராக்டர் போகும் அகலம், சில இடத்தில் ஒற்றையடி. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை என்பதால் 40 மில்லிமீட்டர் டயர் போதும். உடுமலைப் பக்கம் கிழக்கே போகப்போக கரிசல் வரும். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகவே கூடாது. மண் அப்பி, டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்து, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாகிவிடும்.

தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். திருமூர்த்தி பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து சுற்று வைத்துத் திறப்பார்கள். அதனால் ஒரே நாளில் ஒரு வாய்க்கால் கரைபுரளும், பக்கத்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஓடும் கரை குளுமையாக, அழகாக இருக்கும். ஆனால் சிமெண்ட் பூசிய சரிவான சுவர், பாசி, இழுப்பு மூன்றும் சேர்ந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏறி வரமுடியாது. குளிக்க இறங்காதீர்கள். பையன்கள் குதிப்பதைப் பார்த்து நாமும் குதிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். எங்கே படிக்கட்டு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கரை நீர்வளத்துறையுடையது என்றாலும் தோப்புக்காரர்கள் அதைத் தங்கள் வீட்டு வாசல் மாதிரிதான் பார்ப்பார்கள், அதில் தப்பும் இல்லை. குறுக்கே கம்பியோ முள்ளோ போட்டிருந்தால் தூக்கித் தாண்டாதீர்கள். யாராவது தென்பட்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, ‘ஏனுங்க, இந்தக் கரை அடுத்த ஊர் வரைக்கும் போகுங்களா?’ என்று கேளுங்கள். ‘போலாம் தம்பி, மதகுக்கிட்ட மட்டும் பாத்துப் போங்க, நாய் இருக்கும்’ என்று பதில் வரும். நாய் விஷயத்தை அவர் சும்மா சொல்லவில்லை. தோட்டத்து நாய் ஓடும் சக்கரத்தைத்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அடுத்த கேள்வி கட்டாயம் ‘வண்டி எவ்வளவுங்க?’ என்பதுதான். உண்மை விலையை ரூபாயில் சொன்னால் அரைமணி நேரம் போய்விடும். ‘பழசு வாங்குனதுங்க’ என்று நகர்வது உத்தமம். தேங்காய் பறிக்கும் மரத்தடியில் மட்டும் எந்தப் பேச்சுக்கும் நிற்காதீர்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் நேராக உங்கள் முகத்தில் திறந்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று. ஐரோப்பிய விடுமுறையில் வருபவர்கள் காலையிலேயே மேற்கு நோக்கிக் கிளம்பி, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரியில் காற்று கிழக்கில் இருந்து அடிக்கும், அப்போது திரும்பும் பாதை சிரமம். அந்த மாதங்களில் விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவில் இருந்து வருபவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு பஸ்ஸோ ரயிலோ பார்த்துத் திரும்புவதானால் சைக்கிள் ஏற்றுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையேல் ஒரு லோடு ஆட்டோ பேசிவிடலாம், அதுவே சுலபம்.

எல்லை தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. ஆழியாறு மணக்கடவு வழியாக கேரளத்துக்குள் போய் சித்தூர்ப்புழையாகிறது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட 1970 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துச் சித்தூருக்குப் போகவேண்டும். அளப்பது மணக்கடவு அணைக்கட்டில். அதைத் தாண்டி மூலத்தறையில் இருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் பிரிகின்றன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் போர்டு மலையாளத்தில், பேச்சு தமிழில். கோவிந்தாபுரத்தில் இருந்து முதலமடை வழியாகக் கொல்லங்கோடு போகும் உள்ளூர்ச் சாலைகள் ஓட்டுவதற்கு இதம். முதலமடை மாந்தோப்புகளுக்குப் பேர் போனது, அந்த ரயில் நிலையத்தின் ஆலமர நிழலில் கொஞ்சம் உட்காரலாம். கொல்லங்கோட்டில் பச்சை வயல், வரிசைப் பனை, பின்னால் நெல்லியாம்பதி மலை. ஷாப் என்று போர்டு போட்ட கள்ளுக்கடைகள் வழியில் வரும். அங்கே கள் சட்டப்படி விற்பது, தமிழ்நாட்டில் தடை. குடிப்பது உங்கள் இஷ்டம், பாட்டிலில் ஊற்றிக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள்.

சாமான்கள் விஷயம். நெருஞ்சி முள்ளுக்கு டியூப்லெஸ்ஸும் சீலன்ட்டும் தாங்கும். சீமைக் கருவேல முள்ளுக்குத் தாங்காது, அதனால் மாற்று டியூப் இரண்டு வேண்டும். ஊர்க் கடையில் 700சி டியூப் கிடைக்காது, கோவையில் கிடைக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தாது, அடாப்டர் ஒன்று கொண்டுவாருங்கள், கைப்பம்ப்பும். பேட்டரி சைக்கிளை விமானத்தில் கொண்டுவர முடியாது, 160 வாட்ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகளுக்கு அனுமதிப்பதில்லை.

மிக முக்கியமானது ஒன்று: கார்மின் இன்ரீச் போன்ற, சாட்டிலைட் வழியாகத் தகவல் அனுப்பும் கருவிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளைப் பிடித்திருக்கிறார்கள். சாதாரண ஜிபிஎஸ் சைக்கிள் கம்ப்யூட்டருக்குப் பிரச்சினை இல்லை. டிரோனும் வேண்டாம். ஆபத்துக்கு 108 போதும். இந்தக் கரைகளில் செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்கும்.

காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பி பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. சாயங்காலம் கரையில் பாம்பு நடமாட்டம் இருக்கும். இளநீருக்கும் டீக்கும் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு எண்ணில் யுபிஐ எல்லாருக்கும் வேலை செய்வதில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புபவர்கள் கடைசி நாளைச் சைக்கிள் கழுவவே ஒதுக்குங்கள். டயர் பள்ளத்திலோ பெடலிலோ ஷூ அடியிலோ மண் ஒட்டியிருந்தால் அங்கே உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். பயணப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பொள்ளாச்சியில் எந்த வாட்டர் சர்வீஸ் கடையிலும் கழுவித் தருவார்கள். ஹப்பிலும் பெடல் அச்சிலும் மட்டும் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள், பழைய டூத் பிரஷ்ஷால் அதை நீங்களே தேய்த்துக்கொள்ளலாம்.