சொந்தமாகப் புத்தகம் போடுவதா, பதிப்பகத்துக்குக் கொடுப்பதா? வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் தெருமுனை டீக்கடையில் மாதத்துக்கு ஒருவராவது என்னைப் பிடித்துக்கொள்வார். "இன்னா தலைவா, நானும் ஒண்ணு எழுதி வெச்சிக்கிறேன். புக்கா போடணும்னா எவ்ளோ ஆவும்?" எவ்வளவு ஆகும் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. யார் வாங்குவார்கள் என்பதுதான் முதலில்.

நான் இரண்டு வழியிலும் ஒவ்வொரு புத்தகம் போட்டிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையைப் பற்றிய கட்டுரைகள் கைக்காசில் வந்தன. சிறுகதைத் தொகுப்பைப் பெரிய பதிப்பகம் ஒன்று போட்டது. முதலாவதில் காசு போனது, இரண்டாவதில் காலம் போனது. நீங்கள் இரண்டையும் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: நோட்டில் பெயர் எழுதுங்கள்

பிரஸ்ஸைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார் என்று உறுதியாகத் தெரிந்த ஆட்களின் பெயரை மட்டும் அதில் எழுதுங்கள். கூட வேலை செய்பவர்கள், ஒன்றாகப் படித்தவர்கள், சங்கத்துக்காரர்கள், சர்ச்சில் பார்க்கிறவர்கள், உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு இரண்டு வரியாவது பதில் போட்டவர்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டுகிறவர் கணக்கில் வரமாட்டார். சொந்தக்காரர்கள் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுங்கள். அவர்களைப் பொறுத்தவரை புத்தகம் என்பது கையெழுத்துப் போட்டுச் சும்மா தருவது.

இந்தப் பட்டியலை எழுதும்போதே பாதி முடிவு கிடைத்துவிடும். காசிமேட்டு விசைப்படகுகளைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அதை வாங்கப்போகிறவர் படகுக்காரர், ஏலம் எடுப்பவர், அந்தக் குப்பத்திலிருந்து படித்து வேலைக்குப் போன பிள்ளைகள். அவர்களை எந்தப் பெரிய பதிப்பகத்தாலும் தேடிப் போக முடியாது, எழுதியவரால் முடியும். அது சொந்தமாகப் போட வேண்டிய புத்தகம். ஒரு நாவலை வாங்கப்போகிறவர்களோ தென்காசியில் ஒருவர், ஓசூரில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். அவர்கள் முகம் உங்களுக்குத் தெரியாது. அங்கே கடைகளிலும் கண்காட்சிகளிலும் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் பதிப்பகம் வேண்டும்.

படி 2: கோப்பை ஒழுங்காக்குங்கள்

எந்த வழியானாலும் யூனிகோடில் (எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துக் குறியீடு) தட்டச்சு செய்த வேர்டு கோப்பு ஒன்று தேவை. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் கணினியில் பக்கம் அமைத்துத் தரும் சில டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும்தான். யூனிகோடிலிருந்து அதற்கு மாற்றும்போது எழுத்து உடையும். என் முதல் புத்தகத்தில் "வௌவால்" எல்லாம் "வெளவால்" ஆகி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "ஸ்ரீ" வர வேண்டிய இடங்களில் வெற்றுக் கட்டம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யச் சொல்லுங்கள். அதிலும் "வேர்ல்டு ரெடி கம்போசர்" என்ற அமைப்பைப் போட்டால்தான் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேரும். வேலை கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை லே-அவுட் செய்து காட்டச் சொல்லி, கொம்பு, கால், ஸ்ரீ, கௌ, வௌ எல்லாவற்றையும் பாருங்கள்.

மெய்ப்பு பார்க்க, அதாவது பிழை திருத்த, வேறொரு ஆளை வையுங்கள். எழுதியவர் கண்ணுக்குச் சந்திப்பிழை தெரியாது. லே-அவுட் முடிந்த பிறகு இன்னொரு முறை, தாளில் அச்செடுத்து.

படி 3: கணக்கு

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், அதனால் மெதுவாகப் போவோம். இவை என் உதாரணத் தொகைகள். உங்கள் பிரஸ் சொல்லும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

160 பக்கம், டெமி அளவு (தமிழ்ப் புத்தகங்களுக்கு வழக்கமான அளவு), விலை 200 ரூபாய், அடிப்பது 200 பிரதி. அச்சும் பைண்டிங்கும் பிரதிக்கு 90 ரூபாய் என்றால் 18,000. மெய்ப்பு, லே-அவுட், அட்டை வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 33,000 ரூபாய்.

நீங்களே நேரில், 10 சதவீதம் கழித்து 180 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 184 பிரதி விற்றால் போட்ட காசு திரும்பும். மீதி 16 பிரதியில்தான் லாபம். இப்போது அதே புத்தகத்தைக் கடைக்குக் கொடுக்கிறீர்கள். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு என்றால் உங்களுக்கு வருவது 120. முதலை எடுக்க 275 பிரதி விற்க வேண்டும். இருப்பதே 200!

அதாவது சொந்தமாகப் போட்டுவிட்டுக் கடையை நம்பினால், எல்லாம் விற்றாலும் நஷ்டம். சொந்த வெளியீட்டில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது உங்கள் கையால் நேரே கொடுக்கும் பிரதியில்தான். படி 1இல் எழுதிய நோட்டை இப்போது எடுத்துப் பாருங்கள். 184 பெயர் இருக்கிறதா?

"அப்போ 500 அடிச்சா?" பிரதிக்கு ஆகும் செலவு நன்றாகவே இறங்கும். பிரஸ்காரர் முதலில் சொல்வதும் இதைத்தான். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இறங்குவது பிரதிக்கான செலவு, நீங்கள் எடுத்துக் கொடுக்கும் மொத்தப் பணம் ஏறும். நான் 500 அடித்தவன்.

பதிப்பகத்தில் இதே 200 பிரதி விற்றால், தமிழில் வழக்கமாகப் பேசப்படும் 10 சதவீத ராயல்டிப்படி பிரதிக்கு 20, மொத்தம் 4,000 ரூபாய் உங்களுக்கு வரும். தொகை சின்னதுதான். ஆனால் உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை.

நடுவில் நிற்கும் மூன்றாவது ஆள்

பதிப்பகம் என்று பெயர்ப்பலகை இருக்கும், ஆனால் உங்களிடமே "பேக்கேஜ்" தொகை கேட்பார்கள். பதிப்பகம் என்றால் அது உங்களுக்குக் காசு தர வேண்டும். உங்களிடம் கேட்டால் அது அச்சு சேவை, அவ்வளவுதான். சேவை வாங்குவது தப்பில்லை, அப்படித் தெரிந்தே வாங்க வேண்டும். நான் தெரியாமல் வாங்கினேன். "உலகம் முழுக்க விநியோகம்" என்று சொன்னது ஒரு இணையதளத்தில் அட்டைப் படத்தை ஏற்றியதோடு முடிந்தது. அச்சுக் கோப்பைக் கேட்டபோது அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஆகவே பணம் கட்டும் முன் இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: இன்டிசைன் கோப்பும் பிடிஎஃப்பும் உங்களுக்குச் சொந்தம், ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) உங்கள் பெயரில்.

படி 4: பதிப்பகத்துக்குக் கொடுப்பதானால்

தமிழில் ஏஜென்ட் எல்லாம் வேண்டாம். நேரடியாகவே அனுப்பலாம். ஆனால் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் ஒரு நாள் முழுக்க அரங்குகளைச் சுற்றுங்கள். 1977இலிருந்து நடக்கிற கண்காட்சி, தமிழ்ப் பதிப்புலகம் மொத்தமும் அங்கே ஒரே கூரைக்குள் நிற்கும். நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி, விம்கோ நகரிலோ தேரடியிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். உங்களுடையதைப் போன்ற புத்தகங்கள் எந்த அரங்கில் அதிகம் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதிடமும் சமையலும் போடுகிறவருக்குக் கவிதையை அனுப்பி என்ன பயன்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அனுப்பாதீர்கள். கண்காட்சிக்கான புத்தகங்களில் தலை நிமிர நேரமில்லாமல் இருப்பார்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். புத்தகத்தின் முழுக் கோப்போடு ஒரே பக்கத்தில், இது என்ன, யாருக்கு, நீங்கள் யார் என்று எழுதி வையுங்கள். நான் பிப்ரவரியில் அனுப்பியதற்கு செப்டம்பரில் பதில் வந்தது. நடுவில் இரண்டு முறை நினைவூட்டினேன், ஒரு முறை கோபப்பட்டேன். கோபம் வேலைக்கு ஆகவில்லை.

ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். "நம்ம பழக்கத்துக்கு எதுக்கு சார் பேப்பர்?" என்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுத்தில் உங்கள் கையொப்பம் இல்லாமல் பதிப்புரிமை இன்னொருவருக்குப் போகாது. எத்தனை ஆண்டுகள் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் அதே சட்டம் எடுத்துக்கொள்ளும். அச்சு உரிமை மட்டும் கொடுக்கிறோமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் சேர்த்தா என்று வரி வரியாகப் படியுங்கள். "எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்று இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு தர வேண்டும், குறிப்பிட்ட காலம் பிரதி கிடைக்காமல் போனால் உரிமை திரும்பிவிட வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் நீங்களே கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பெரிய பதிப்பகம் என்றால் உங்கள் புத்தகத்தைத் தலையில் வைத்து ஆடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு கண்காட்சிக்குக் கொத்தாகப் புதுப் புத்தகங்கள் வரும். முன்மேசையில் உங்களுடையது நிற்பது சில நாள், அப்புறம் முதுகைக் காட்டி அலமாரிக்குள் போய்விடும்.

படி 5: சொந்தமாகப் போடுவதானால்

ஐஎஸ்பிஎன் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். இதற்கு யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அச்சுக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். இதற்கும் பதிப்புரிமைக்கும் சம்பந்தமில்லை. எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்துகொள்வது சாட்சிக்கு.

தாளைத் தொட்டுப் பார்க்க ஒருமுறை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் வாருங்கள். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே தாள் வியாபாரிகள் இருப்பார்கள். உள்பக்கத்துக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ தாள் போதும், அதைவிட மெலிந்தால் பின்பக்க எழுத்து தெரியும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன்.

பிளேட் செய்து அடிக்கும் ஆப்செட் முறையில் 16 பக்கம் சேர்ந்து ஒரு பாரமாக அச்சாகும். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து பாரம். 163 ஆனால் அடுத்த பாரத்துக்குத் தாவி வெற்றுப் பக்கத்துக்கும் காசு கொடுப்பீர்கள். மூன்று பக்கத்தைக் குறைத்துவிடுங்கள், எழுத்துக்கும் அது நல்லதுதான். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். ஆப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் ஐநூறுக்கு மேல் போனால்தான் லாபம். புத்தகத்தின் முதுகு எவ்வளவு தடிமன் என்பது பக்க எண்ணிக்கையையும் தாளையும் பொறுத்தது. ஆகவே உள்பக்கம் முடிவான பிறகே அட்டையை முடிக்க வேண்டும். முன்கூட்டியே செய்த என் அட்டையில் தலைப்பு முதுகிலிருந்து பக்கவாட்டில் வழிந்தது.

முதலில் ஒரே ஒரு டம்மி பிரதி அடித்து வாங்குங்கள். வீட்டில் இரண்டு நாள் வைத்துப் புரட்டுங்கள். மீதிக்குச் சம்மதம் சொல்வது அதற்கப்புறம்.

காசு திரட்ட முன்வெளியீட்டுத் திட்டம் இருக்கிறது: அச்சுக்கு முன்பே விலையைக் குறைத்துப் பணம் வாங்கிவிடுவது. கூச்சப்பட ஒன்றுமில்லை. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு உ.வே.சாமிநாதையரே, வாங்குவதாக முன்கூட்டிக் கையொப்பம் திரட்டித்தான் அலைந்தார். நோட்டில் இருக்கும் பெயர்கள் உண்மையானவையா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நாற்பது பேர் பணம் அனுப்பினால் நூறு பிரதி அடியுங்கள்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலை இலவசமாக ஏற்றலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் "கேடிபி செலக்ட்" என்ற அவர்கள் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம்.

படி 6: வந்த பிறகு

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிட்டவர் முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போட்டால் வெளியிட்டவர் நீங்கள்தான். கன்னிமராவுக்கு நானே நேரில் எடுத்துப் போனேன்.

கண்காட்சியில் தனி அரங்கு எடுப்பது ஒற்றைப் புத்தகக்காரருக்குக் கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பாளரின் அரங்கில் இருபது பிரதி வைக்கக் கேளுங்கள், கழிவு போக மீதியைத் தருவார்கள். எத்தனை கொடுத்தீர்கள் என்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தபாலுக்கு, 2025 மே மாதம் வந்த "கியான் போஸ்ட்" என்ற புத்தகச் சேவையைத் தபால் நிலையத்தில் விசாரியுங்கள். கூரியரைவிட நன்றாகவே மிச்சமாகும்.

மீந்த பிரதிகளைத் தரையில் வைக்காதீர்கள். கட்டிலுக்கடியில் வைத்திருந்த என் கட்டுரைப் புத்தகத்தில் மூன்று பெட்டி, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஊறி, பிரிக்க முடியாத கட்டிகளாகிவிட்டன. பழைய பேப்பர் கடைக்காரர்கூட ஈரத்துக்கு எடை கழித்தார். இப்போது மிச்சம் இருப்பவை பரணில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டு வேப்பிலைக் கொத்தோடு இருக்கின்றன.