மதுரைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்: செருப்பு மேலக் கோபுரத்தில், நீங்கள் கீழக் கோபுரத்தில்

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் நின்றால், வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்களைப் பார்க்கலாம். நிழல் கிடைத்த இடத்தில் நின்று ஒரு காலின்மேல் மறுகாலை வைத்துக்கொள்வார்கள், பிறகு மறுபடி ஓடுவார்கள். நேர்த்திக்கடன் எதுவும் இல்லை. ஒரு கோபுரம் வழியாக உள்ளே போய் வேறு கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். செருப்பு, செல்போன், பை மூன்றும் முதல் கோபுரத்துக் காப்பகத்தில் கிடக்கின்றன.

கோயிலின் ஒரு பக்கம் ஏறத்தாழ 250 மீட்டர். கீழக் (கிழக்கு) கோபுரத்திலிருந்து மேலக் (மேற்கு) கோபுரத்துக்கு வீதி வழியே சுற்றிப் போனால் அரை கிலோமீட்டர் ஆகும். வெயிலில் காய்ந்த கல்தரையில் அது சின்னத் தூரம் இல்லை. நான்கு கோபுரங்களும் வண்ணப் பொம்மைகளோடு ஒரே சாயலில் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அடையாளம் உண்டு: தெற்குக் கோபுரம்தான் உயரம், சுமார் 170 அடி. வடக்கே இருப்பது மொட்டைக் கோபுரம், அதில் சிற்பங்கள் குறைவு. கீழக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். ரயில் நிலையத்திலிருந்து நேரே வருகிறவர்களுக்கு முதலில் தென்படுவது மேலக் கோபுரம். பொருளை ஒப்படைக்கும்போது டோக்கனை வாங்கிப் பையில் போடுவதோடு, எந்தக் கோபுரம் என்பதையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

செல்போன் உள்ளே போகக் கூடாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததையடுத்து அந்த ஆண்டே வந்த தடை இது. போனைக் கொடுத்துவிட்டால் கூடவே இரண்டு வசதிகள் போய்விடுகின்றன என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. ஒன்று பணம். சிறப்பு தரிசனச் சீட்டுக்கும் பிரசாதத்துக்கும் ஜிபே காட்ட முடியாது, சட்டைப் பையில் சில்லறை நோட்டு வேண்டும். மற்றொன்று, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஒருவரையொருவர் கூப்பிட வழியில்லை. “பொற்றாமரைக் குளத்தில் நில்லுங்கள்” என்று சொல்லிவைத்தால் நாலு பக்கப் படிக்கட்டிலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முக்குறுணிப் பிள்ளையார் நல்ல இடம். அம்மன் சந்நிதி முடித்துச் சுவாமி சந்நிதிக்குப் போகும் யாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆளும் பெரியவர். (சதுர்த்தியன்று மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் கொழுக்கட்டை படைப்பதால் அந்தப் பெயர்.)

மதுரையில் முதல் கும்பிடு மீனாட்சிக்கு. அதற்கு, கிழக்குப் பக்கத்திலுள்ள அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைய வேண்டும். கீழக் கோபுரம் வழியாக நேரே போனால் சுவாமி சந்நிதி வந்துவிடும். அரைக்கால் சட்டை, லுங்கி, கையில்லாத சட்டை போட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

நேரக் கணக்கில்தான் பெரிய ஏமாற்றம். காலை 5 மணிக்குத் திறக்கும் கோயில் பகல் 12.30-க்கு நடை சாத்திவிடும், மறுபடி திறக்க மாலை 4 ஆகும். பதினொன்றரைக்கு வரிசையில் சேர்ந்து சந்நிதிக்குப் பக்கத்தில் போகும்போது நடை சாத்துவதைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். பகல் ரயிலில் வருகிறவர்கள் கோயிலை மாலைக்கு வைத்துக்கொண்டு, வெயில் நேரத்தைத் திருமலை நாயக்கர் மஹாலுக்குக் கொடுப்பது சரி. மஹாலின் பார்வை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. கோயிலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், விளக்குத்தூண், பத்துத்தூண் வழியாக நடந்தே போகலாம். 1636-இல் கட்டிய அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது, மஹாலுக்கு வெளியே கடைகளுக்கு நடுவில் தனியாக நிற்கும் அந்தப் பத்துத் தூண்களைப் பார்த்தால்தான் தெரியும்.

இனி வீதிப் பெயர்கள். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேடு பள்ளம் இல்லை. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் நான்கு திசை. ஆகவே “மாசி வீதியில் லாட்ஜ்” என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் நான்கு பக்கமும் தேட வேண்டியிருக்கும். சித்திரைத் தேர் சித்திரை வீதியில்தானே என்று அங்கே இடம்பிடித்து நிற்பதும் வீண். தேர் ஓடுவது மாசி வீதிகளில்.

வெளியூர்க்காரர் அதிகம் மாட்டுவது “தெற்கு வாசல்” என்ற சொல்லில். கோயிலின் தெற்குக் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் “தெற்கு வாசல் போங்கண்ணே” என்பார்கள். அவர் விமான நிலையம் போகும் வழியில் உள்ள தெற்கு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், தப்பு அவர்மேல் இல்லை. அதுவும் கீழவாசலும் பழைய கோட்டை வாசல்களின் பெயர்கள். கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார். அந்த வேலையைப் பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயர்களாக இன்னும் இருக்கிறார்கள். கோயிலுக்குப் போக வேண்டுமானால் வாசல் என்று சொல்லாதீர்கள், கோபுரம் என்று சொல்லுங்கள்.

ரயில் நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு ஆட்டோ பேசுவதும் தேவையில்லாத செலவு. கிழக்குப் பக்கப் பிரதான வாசல் வழியாக வெளியே வந்து, மேல வெளி வீதியைக் கடந்து டவுன் ஹால் ரோட்டில் நேராக நடந்தால் கால் மணி நேரத்தில் கோபுரம் வந்துவிடும். ஆட்டோ ஒருவழிப் பாதைகளில் சுற்றியாக வேண்டும். சித்திரை வீதியில் வாகனம் விடுவதில்லை என்பதால் கடைசிக் கொஞ்ச தூரம் எப்படியும் நடைதான். காரில் வருகிறவர்கள் மாசி வீதிக்குள் வண்டியை விட்டு இடம் தேடாமல், வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்து அடுக்கு வாகன நிறுத்தத்தில் விடலாம். ரயில் டிக்கெட்டில் “கூடல்நகர்” என்று இருந்தால் கவனியுங்கள். அது ஊருக்கு வடமேற்கே உள்ள வேறு நிலையம்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மூன்று பஸ் நிலையங்கள், ஒரே கணக்கு: சென்னை, திருச்சி, நெல்லை, நாகர்கோவில், ராமேஸ்வரம் என்றால் மாட்டுத்தாவணி; கோவை, திண்டுக்கல், பழனி, தேனி, கொடைக்கானல் என்றால் ஆரப்பாளையம்; ஊருக்குள் சுற்ற, ரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ள பெரியார். கொடைக்கானல் போகிறவர் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டால் ஊரைக் குறுக்கே கடந்து வர வேண்டும், வைகைப் பாலங்களில் மாலை நெரிசல் வேறு. நாகர்கோவில் பக்கம் போகும் ஆம்னி பஸ்ஸில் மதுரைக்கு டிக்கெட் எடுத்தால், இறக்கிவிடுவது மாட்டுத்தாவணியா ரிங் ரோடா என்று ஏறும் முன்பே கேளுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு ரிங் ரோட்டில் பெட்டியோடு நிற்பது நன்றாயிராது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண்களுக்கும் கட்டணம் இல்லை.

திருப்பரங்குன்றம், அழகர்கோவில் இரண்டையும் ஒரே காலையில் முடிக்கத் திட்டம் போடாதீர்கள். ஒன்று தென்மேற்கே 8 கிலோமீட்டர், மற்றது வடக்கே 21 கிலோமீட்டர். இரண்டிலும் மதியம் நடை சாத்துவார்கள். காந்தி மியூசியம் ஆற்றுக்கு வடகரையில், தமுக்கம் பக்கம். அதே வளாகத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காந்தி மேல்சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22-இல், மேல மாசி வீதி 251-ஆம் எண் வீட்டில். அங்கே இப்போது கதர்க் கடை இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் கொஞ்சம் விலகினால் பார்த்துவிடலாம்.

சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருவதானால் முந்தின நாளே வந்து, ஆற்றுக்கு எந்தக் கரையில் தங்குகிறோம் என்று தெரிந்து அறை போடுங்கள். அன்று கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல் வரை வண்டி நகராது, வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலத்தை நடந்து கடக்கவே நேரம் பிடிக்கும்.