கத்திரி வெயிலில் நடையும் விளையாட்டும்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் மே, ஜூன் மாதங்களில் நடைப்பயிற்சிக்கோ பிள்ளைகளின் விளையாட்டுக்கோ நேரம் குறிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காற்றின் திசை. அன்றைய உச்ச வெப்பநிலை அதற்கு அடுத்ததுதான். வெயில் ஏறிய முற்பகலில் நிலப்பகுதியிலிருந்து வீசும் மேற்குக் காற்று வறண்டும் சூடாகவும் இருக்கும். நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பத் தொடங்கியதும், கடலின் மீதிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும். நண்பகலை ஒட்டியே கடற்காற்று வந்துவிட்டால் வெப்பம் பெரும்பாலும் அதற்குமேல் ஏறாது. மேற்குக் காற்று வலுத்து, அதைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிவரை தடுத்து நிறுத்தும் நாள்களில்தான் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது.

பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிந்துவிடும். வெயில் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பின்பு. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு வறண்டு வரும் காற்று, ஜூனிலும் சென்னையின் கடற்காற்றைப் பிந்தச் செய்கிறது. ஆகவே ‘கத்திரி முடிந்துவிட்டது’ என்று பழைய நேரத்துக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம்.

மாலையில் வெளியே செல்ல நினைப்பவர்கள், கடற்காற்று தங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் புறப்படலாம். மெரினாவையும் பெசன்ட் நகரையும் தொட்ட காற்று, தாம்பரம், ஆவடி போன்ற உட்பகுதிகளுக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். சில நாள்களில் வலுவிழந்தும் போகும். கடற்கரைக்கு அருகில் வசிப்பவர் ஐந்தரைக்கே நடக்கலாம் என்றால், புறநகரில் இருப்பவர் சூரியன் மறையும் ஆறரை மணிவரை பொறுப்பது நல்லது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய சிமென்ட் தரையும் மொட்டை மாடியும் இருட்டிய பின்பும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், மண்தரையும் மரங்களும் உள்ள பூங்காவே மாலைக்கு ஏற்றது.

காலை நேரத்தின் சிக்கல் வேறு. ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் உதிக்கும்போது வெப்பம் குறைவுதான். ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். எனவே அதிகாலை என்ற துணிவில் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டக் கூடாது. ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, வழக்கமான வேகத்தைவிட ஒரு படி குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. வெளியூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவர்களும், குளிரூட்டிய அறையிலேயே நாளைக் கழிப்பவர்களும் முதல் நாள் கால் மணி நேரத்துடன் நிறுத்தி, பிறகு சிறிது சிறிதாக நீட்டிக்க வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும்.

பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டத்தை முற்றிலும் தடுப்பது நடவாத காரியம். பதினொன்று முதல் நான்கு மணிவரை கேரம், பல்லாங்குழி என்று வீட்டுக்குள் ஆடவிட்டு, மாலை ஆட்டத்தை ஓவர்களைக் குறைத்து, வேப்பமரமோ புங்கமரமோ நிழல் தரும் பக்கமாக மாற்றிவிடலாம். பூங்காவிலுள்ள உலோகச் சறுக்குமரத்தில் ஏற்றும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உடைக்குத் தளர்வான, வெளிர்நிறப் பருத்தித் துணியே போதும்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் புறப்படும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். நடைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறையும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பைக் குறிக்கும். நெடுநேரம் வியர்த்தவருக்கு வெறும் தண்ணீரைவிட உப்பிட்ட நீர்மோர் நல்லது. நுங்கும் இளநீரும் துணைக்கு இருக்கலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் நீரின் அளவையும் உப்பின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வெக்கை தாங்காமல் கடலில் இறங்குவது வெயிலைவிடப் பெரிய ஆபத்து. மெரினாவின் அலைகள் திரும்பும்போது ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் வலுவுடையவை. அங்கே குளிப்பதற்குத் தடையும் இருக்கிறது. நீந்த விரும்புவோர் பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளத்தில் காலை நேரத்தைக் கேட்டு வாங்குவதே முறை.

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு தோன்றினால் நிழலில் அமர்ந்து நீர் அருந்த வேண்டும். அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதமாக இருக்கக்கூடும். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் புகட்டக் கூடாது.